நடுநாட்டு எழுத்தாளர்களும் நூலாக்க வழிகளும்: வள்ளலார், இமையம், கண்மணி குணசேகரன்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்பு கையெழுத்துப் படியிலிருந்து அச்சுநூலாகும்போது பெயர், மொழிநடை, எழுத்துக்கூட்டல், வகைமை ஆகியவற்றில் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அம்முடிவுகளில் ஆசிரியருக்கு உரிய பங்கு எது, பதிப்பிப்பவருக்கு உரிய பங்கு எது என்னும் வினாவை நடுநாட்டைச் சேர்ந்த மூவரின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இராமலிங்க அடிகளின் கடிதங்கள், இமையத்தின் புதினங்களும் அவர் தம் எழுத்து குறித்து வெளியிட்ட கருத்துகளும், கண்மணி குணசேகரனின் புதினங்களும் சொல்லகராதியும் இதற்கு அடிப்படைச் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: நடுநாடு, பதிப்பு, செம்மையாக்கம், வட்டார வழக்கு, சொல்லகராதி, படைப்பாளர் கூற்று.

முன்னுரை

படைப்பாளர் தம் எழுத்துமுறை பற்றிக் கூறுவனவற்றைத் திறனாய்வு பெரும்பாலும் துணைச் சான்றாகவே கொள்கிறது. முன்னுரை, நேர்காணல், கடிதம் முதலியன படைப்பை விளக்கப் பயன்படுத்தப்படுகின்றனவேயன்றித் தனி ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது குறைவு. ஆனால் ஆய்வாளர் கையில் உள்ள பனுவல் ஆசிரியர் எழுதியவாறே வந்ததா, பிறர் கைபட்டு வந்ததா என்பதை அறிய அவையே முதன்மைச் சான்றுகள். ஒரு சொல் அச்சில் இருக்கும் வடிவத்தைக் கொண்டு ஆசிரியரின் நடையைப் பற்றி முடிவு கூறும் ஆய்வு, அவ்வடிவம் யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட நடுநாடு, திருமுனைப்பாடி என்றும் வழங்கப்பெறும். தேவாரப் பாடல்பெற்ற தலங்களின் பகுப்பில் 22 தலங்கள் இந்நாட்டுக்கு உரியன. திருமுதுகுன்றம் எனப்பட்ட விருத்தாசலம் அவற்றுள் ஒன்று. விருத்தாசலத்திலிருந்து சிதம்பரத்திற்குச் செல்லும் சாலையும் வடலூர், நெய்வேலி வழியாகக் கும்பகோணத்திற்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் வெள்ளாற்றங்கரைச் சேத்தியாத்தோப்பு. இவ்வூருக்கு வடக்கே வள்ளலார் வாழ்ந்த கருங்குழியும் வடலூரும் உள்ளன. மேற்கே இமையமும் கண்மணி குணசேகரனும் தம் கதைக்களமாகக் கொண்ட விருத்தாசலம் வட்டாரம் உள்ளது. பண்பாட்டு வளம் மிக்க இப்பகுதியின் எழுத்தாளர் தம் நூலை வெளிக்கொணரப் பெரும்பாலும் சென்னையை நோக்க வேண்டியிருந்தது. எழுதும் இடத்துக்கும் அச்சிடும் இடத்துக்கும் இடையிலான இத்தொலைவே இக்கட்டுரையின் மையச் சிக்கல்.

வள்ளலார்: பெயரில் காட்டிய தயக்கம்

இராமலிங்க அடிகள் (1823-1874) அச்சுத்தொழிலை அறியாதவர் அல்லர். ஒழிவிலொடுக்கம் (1851), தொண்டமண்டல சதகம் (1855), சின்மய தீபிகை (1857) ஆகியவற்றை அவரே பதிப்பித்தார். அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. பிறர் நூல்களை அச்சேற்றுவதில் முனைப்புக் காட்டிய அவர், தம் பாடல்களை அச்சேற்றுவதில் நெடுங்காலம் தயங்கினார். இம்முரண் விளக்கம் வேண்டுவது.

அவர் கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதங்கள் இதற்கு விடை தருகின்றன. பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென இரத்தின முதலியார் உறுதிபூண்டார். அதனை அறிந்து வருந்திய அடிகள், அவ்வுறுதியைக் கைவிடுமாறு 1860ஆம் ஆண்டின் இறுதியில் எழுதினார். பாடல்களை அனுப்புவதாகவும் தெரிவித்தார். பின்னர் அச்சிட இசைந்தபோதும் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்: இராமலிங்கசாமி என்னும் பெயர் நூலில் இடம்பெறுதல் கூடாது. அவ்வழக்கு ஆரவாரமாகத் தோன்றுவதே அவர் கூறிய காரணம்.

தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் தொகுத்து ஆறு திருமுறைகளாக வகுத்தார். திருவருட்பா வரலாறு என்னும் செய்யுட்பகுதியையும் இயற்றிச் சேர்த்தார். முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. ‘சாமி’ என்னும் சொல் முகப்பில் இடம்பெறவில்லை. ஆயினும் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் சிறப்புப்பெயர் இடம்பெற்றது. வேண்டுகோளின் சொல் காக்கப்பட்டது. அதன் கருத்துக் காக்கப்பட்டதா என்பது வினாவிற்குரியது.

இதன் விளைவு சிறிதன்று. ஆறுமுக நாவலர் சார்பினர் 1869இல் வெளியிட்ட போலியருட்பா மறுப்பு, அருட்பா, திருமுறை என்னும் பெயர்களையும் ஆசிரியர்க்கு வழங்கிய சிறப்புப்பெயரையும் கடுமையாகத் தாக்கியது. அதனையொட்டி வளர்ந்த பகைமை மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. கண்டனத்திற்கு இலக்கான பெயர்களும் பகுப்பும் பாடல்களின் பகுதியல்ல. பதிப்பின் பகுதி என்பதை இங்குக் கருத வேண்டும். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும், அதாவது அடிகளின் மறைவுக்குப் பின்னரே, அச்சேறின. அவருடைய கருத்து முதிர்ச்சியைக் காட்டும் ஆறாம் திருமுறையைத் தம் வாழ்நாளில் அவர் அச்சில் காணவில்லை. ஆகவே 1867ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டு அவரை மதிப்பிட்ட சமகாலத்தவரின் முன் இருந்தது அவருடைய எழுத்தின் ஒரு பகுதியே.

இமையம்: செம்மையாக்கத்திற்கு உட்படுதல்

இமையம் என்னும் புனைபெயரில் எழுதும் வெ. அண்ணாமலை (பி. 1964) பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். முதல் புதினமான கோவேறு கழுதைகள் 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. தலித் குடியிருப்புக்கு ஊழியம் செய்யும் புதிரை வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் என்னும் பெண்ணின் வாழ்க்கை அதன் பொருள். திருச்சியில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் தொடர்பால் தமக்கு வாசிப்பும் எழுத்துப் பயிற்சியும் வாய்த்ததை இமையம் நன்றியுடன் நினைவுகூர்வதுண்டு. கல்லூரி வகுப்பறைக்கு வெளியே அமைந்த ஆசிரியர் ஒருவரும், செம்மையாக்கத்தில் கண்டிப்பு மிக்க பதிப்பாளர் ஒருவரும் அவருடைய எழுத்து வாழ்க்கையின் தொடக்கத்தில் அமைந்தனர்.

எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய க்ரியா, கையெழுத்துப் படியை வந்தவாறே அச்சிடும் நிறுவனமன்று. சொற்பிரிப்பு, எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி ஆகியவற்றில் சீர்மை பேணுவதை அது கொள்கையாகக் கொண்டது. அதே நிறுவனம் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டது. எழுத்துத் தமிழின் பொதுவழக்கை வரையறுக்க முயன்ற ஒரு நிறுவனமே, பேச்சு வழக்கை உயிராகக் கொண்ட ஒரு புதினத்தையும் வெளியிட்டது. பொதுமையும் வட்டாரத்தன்மையும் ஒரே மேசையில் சந்தித்த நிகழ்வு இது.

செம்மையாக்கம் வட்டார மொழியை அழித்துவிடும் என்னும் அச்சம் இலக்கிய உலகில் உண்டு. இமையத்தின் படைப்பு வரிசை அவ்வச்சத்தை முழுமையாக ஏற்க இடம்தரவில்லை. கோவேறு கழுதைகள், ஆறுமுகம் (1999), செடல் (2006) ஆகிய புதினங்களில் கதைசொல்லியின் நடை பெரிதும் எழுத்து வழக்கில் அமைய, பாத்திரங்களின் கூற்றுகளே பேச்சு வழக்கில் அமைகின்றன. 2015இல் வந்த எங் கதெ என்னும் புதினத்திலோ பாத்திரமே கதைசொல்லியாகிறது. பேச்சுமொழி நூல் முழுவதையும் ஆட்கொள்கிறது. சொல்லிறுதி ஐகாரம் எகரமாக ஒலிக்கும் இயல்பு நூலின் பெயரிலேயே பதிவாகியுள்ளது. இவை நான்கும் க்ரியா வெளியீடுகளே. ஆகவே செம்மையாக்கம் என்பது பேச்சுமொழியைக் களைவது என்று கொள்வதைவிட, ஒரு நூலுக்குள் அதனை எழுதும் முறையை ஒழுங்குபடுத்துவது என்று கொள்வதே பொருந்தும்.

வகைமை குறித்த முடிவில் இமையம் வேறொரு நிலைப்பாடு கொண்டார். தலித் எழுத்தாளர் என்னும் அடையாளத்திற்குள் தம்மை அடக்குவதை அவர் தொடர்ந்து மறுத்துவருகிறார். ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைக் காட்டியதற்காக முதல் புதினம் தலித் சிந்தனையாளர் சிலரின் கண்டனத்திற்கு உள்ளானது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001இல் வெளிவந்தது. செல்லாத பணம் என்னும் புதினத்திற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நடையின் ஒழுங்கில் பதிப்பாளரோடு இணைந்து செயல்பட்ட இவ்வெழுத்தாளர், தம்மை எப்பெயரால் அழைப்பது என்னும் முடிவைப் பிறரிடம் விடவில்லை. இவ்வகையில் அவருடைய மறுப்பு வள்ளலாரின் வேண்டுகோளோடு ஒப்பிடத்தக்கது. முன்னவர் உயர்த்தும் பெயரை மறுத்தார். பின்னவர் வரையறுக்கும் பெயரை மறுக்கிறார்.

கண்மணி குணசேகரன்: அகராதியால் நூலுக்கு அரண்

விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றியவர். அஞ்சலை (1999) முந்திரிக்காட்டுப் பகுதியின் உழைக்கும் பெண்ணொருத்தியின் வாழ்வைச் சொல்கிறது. நெடுஞ்சாலை போக்குவரத்துத் தொழிலாளர்களின் உலகைக் காட்டுகிறது. வந்தாரங்குடி, நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திற்காக நிலம் இழந்தோரின் இடப்பெயர்வைப் பேசுகிறது. இவற்றில் வரும் பயிர், கருவி, உறவு, வசை, நோய் ஆகியவற்றுக்குரிய சொற்களுள் பல பொது அகராதிகளில் இடம்பெறாதவை.

இந்நிலையில் எழுத்தாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. சொல்லைப் பொதுவழக்காக மாற்றலாம். பக்கத்தின் அடியில் பொருள் தரலாம். படிப்போர் தாமே உணரட்டும் என விடலாம். குணசேகரன் நான்காவது வழியொன்றைத் தேர்ந்தார். 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தாமே தொகுத்து வெளியிட்டார். புதினத்தின் ஓட்டத்தைக் குறிப்புகளால் தடுக்காமல், சொற்களுக்குரிய சான்றைத் தனிநூலாக நிலைநாட்டியமை இதன் சிறப்பு.

இச்செயல் தனித்து நிற்பதன்று. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி 1982இலும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலும் வந்தன. மூன்று வட்டாரங்களிலும் அகராதியைத் தொகுத்தவர் புனைகதை எழுத்தாளரே. மொழியியல் துறைகள் கிளைமொழி ஆய்வுகளை நிகழ்த்தியிருப்பினும், பொதுவாசகர் கைக்கு எட்டும் வட்டார அகராதிகளை உருவாக்குவதில் படைப்பாளர் முன்னின்றனர். தம் சொல் பிழையன்று, வழக்கு என்பதை மெய்ப்பிக்கும் கடமை வட்டார எழுத்தாளர்மீது விழுந்ததன் விளைவாக இதனைக் கருதலாம். பொதுவழக்கில் எழுதுபவருக்கு இக்கடமை இல்லை. எனவே வட்டார அகராதியை மொழித்தரவாக மட்டும் காணாமல், படைப்பாளர் தம் எழுத்துமுறை குறித்து வெளியிட்ட விரிவான கூற்றாகவும் காணுதல் வேண்டும்.

ஒப்பீடு

மூவரின் காலமும் களமும் வேறு. வள்ளலாரின் பாடல்கள் பக்தியும் மெய்யியலும் சார்ந்தவை. ஏனைய இருவரின் புதினங்கள் சமூக வாழ்வைச் சார்ந்தவை. ஆயினும் மூவருக்கும் பொதுவான நிலை ஒன்று உண்டு. மூவரும் தம் எழுத்தில் விட்டுக்கொடுக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதைப் பதிப்புச் சூழலில் வரையறுத்துக்கொண்டனர். வள்ளலார் தொகுப்பையும் பகுப்பையும் பிறரிடம் விட்டுப் பெயரைக் காக்க முயன்றார். இமையம் எழுத்துக்கூட்டலின் சீர்மையில் பதிப்பகத்தோடு இணங்கி அடையாளத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். குணசேகரன் சொல்லையே காக்க முனைந்து அதற்கெனத் தனிநூல் செய்தார்.

பதிப்பாளர் அனைவரையும் ஒரே தன்மையினராகக் கொள்வதும் பொருந்தாது. வேலாயுத முதலியார் ஆசிரியர்பால் கொண்ட பேரன்பால் பெயரையும் பகுப்பையும் சேர்த்தார். ராமகிருஷ்ணன் மொழியொழுங்கின்பால் கொண்ட பற்றால் செம்மை செய்தார். முன்னது நூலுக்குப் புகழையும் பகையையும் ஒருங்கே தந்தது. பின்னது விருத்தாசலம் வட்டார வாழ்வைத் தமிழகமெங்கும் படிக்கவைத்தது. இரண்டு செயல்களையும் விலக்கிவிட்டு இந்நூல்களின் வரலாற்றை எழுத இயலாது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. திருவருட்பா குறித்த 19ஆம் நூற்றாண்டுக் கண்டனத்தில் ஒரு பகுதி ஆசிரியரின் பாடல்களைவிடப் பதிப்பின் கூறுகளையே இலக்காகக் கொண்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய வள்ளலாரின் கடிதங்கள் இன்றியமையாதவை.

2. செம்மையாக்கமும் வட்டார மொழியும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதை இமையத்தின் புதினங்கள் 1994 முதல் 2015 வரை அடைந்த நடைமாற்றம் உணர்த்துகிறது.

3. வட்டார அகராதிகளைப் படைப்பாளர் கூற்றுகளாக வாசிக்கும்போது, அவற்றைத் தொகுத்தோரின் புதினங்களில் சொல்தேர்வு பெறும் பொருள் தெளிவாகிறது.

இவற்றிலிருந்து நடைமுறைத் தேவையொன்றும் எழுகிறது. வள்ளலாரின் கடிதங்கள் பேணப்பட்டமையால்தான் 150 ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய விருப்பத்தையும் பதிப்பின் போக்கையும் வேறுபடுத்திக் காண முடிகிறது. இக்கால எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளும் திருத்தப்பட்ட அச்சுப்படிகளும் பதிப்பகங்களோடு நடந்த மடற்போக்குவரத்தும் அவ்வாறு பேணப்பட வேண்டும். கணினித் தட்டச்சில் முந்தைய வடிவத்தின்மேல் புதிய வடிவம் பதிந்துவிடுவதால் இவ்விழப்பு முன்னைவிட விரைவாக நிகழ்கிறது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டார எழுத்தாளரின் படிகளை, அவர்கள் வாழும் காலத்திலேயே, அவர்களின் இசைவோடு தொகுத்துவைப்பின், நடை குறித்த வருங்கால ஆய்வுகள் ஊகத்தை விட்டுச் சான்றின்மேல் நிற்கும்.