பிழையைத் திருப்பித் தரும் முறை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோர், அச்சிலிருந்து எடுத்த பொம்மையைச் சூளையில் வைக்கும் முன் விரிசல் உண்டா என்று பார்ப்பார்கள். அப்போதே கண்டால் மண்ணைக் கரைத்து மீண்டும் வார்க்கலாம். சுட்ட பிறகு அது மண்ணாகத் திரும்பாது. இணையப் படிவத்தின் சரிபார்ப்பும் இத்தகையதே. தரவுத்தளத்தில் பதிவாகும் முன்பே பிழையைக் கண்டு, நிரப்பியவரிடம் திருப்பித் தருகிறோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பி.எச்.பி. படிவங்களைக் கற்பிக்கும்போது இந்த ஒப்புமை உதவும்.

ஒரு மாணவி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அஞ்சல் குறியீடு 606001 என்பதை 60601 என்று தட்டச்சு செய்துவிட்டாள். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் ஐந்தாவதாக வரவேண்டிய சுழியத்துக்குப் பதில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டுவிட்டாள். திரையில் ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் தோன்றுகிறது. நிரப்பியவை அனைத்தும் அழிந்துவிடுகின்றன. எங்கே தவறு என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று கடைசி நாள் என்றால் உதவித்தொகையே கைநழுவிப் போகும்.

நல்ல படிவத்துக்கு வேண்டியவை:

1. முதல் பிழையிலேயே நின்றுவிடாமல், எல்லாக் கட்டங்களையும் சோதித்துப் பிழைகளை ஒன்றாகத் தர வேண்டும்.

2. ஒவ்வொரு செய்தியும் உரிய கட்டத்தின் அடியிலேயே தெரிய வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் போதாது. நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்குச் சொற்களே துணை.

3. திருத்தும் வழியைச் சொல்ல வேண்டும்: ‘அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கங்கள் வேண்டும், 5 மட்டுமே உள்ளன.’

4. கடவுச்சொல் தவிர, நிரப்பிய மற்றவை அப்படியே இருக்க வேண்டும்.

உலாவியில் செய்யும் சோதனை விரைவானது. ஆனால் அதைத் தவிர்த்துவிட்டும் தரவை அனுப்ப முடியும் என்பதால், சேவையகத்திலும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

செயல்பாடு: மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் தாளில் சில பிழைகளுடன் படிவம் நிரப்பட்டும். மற்றவர் சேவையகமாக இருந்து, முதல் சுற்றில் ‘தவறு’ என்று மட்டும் எழுதித் தரட்டும். அடுத்த சுற்றில் மேற்கண்ட முறைப்படி எழுதட்டும். பிழையின்றி முடிக்க ஒவ்வொரு சுற்றிலும் தாள் எத்தனை முறை கைமாறியது என்று கரும்பலகையில் குறித்து ஒப்பிடுங்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். கணக்கு ஏட்டில் பெருக்கல் குறி மட்டும் போட்டால் குழந்தை விடையை அழித்துவிடும். ‘கடன் வாங்கியதைக் கழிக்கவில்லை’ என்று பிழையான வரியின் அருகே எழுதினால், அந்த வரியை மட்டும் திருத்திக்கொள்ளும்.