தப்பி வந்தவளுக்கு ஒரு துரவு

வேதபாடம்
வாசிக்க: ஆதியாகமம் 16:1-16, 21:8-21, உபாகமம் 23:15,16



குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போன சகோதரிகள் நம்முடைய சபைகளில் உண்டு. கடனை அடைக்கணும், பிள்ளையைப் படிக்க வைக்கணும் என்று போனவர்கள். சிலர் நல்ல வீட்டில் இருந்து நல்லபடியாகத் திரும்பினார்கள். சிலரோ அடிபட்டு, பட்டினி கிடந்து, சம்பளம் கிடைக்காமல், வெளியே சொல்ல முடியாத காயத்தோடு வந்தார்கள். அப்படி வந்த ஒருத்தியை சபை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? ஆகாரின் சரித்திரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

1. தேவன் அவளைப் பேர் சொல்லி அழைத்தார்

ஆகார் எகிப்து தேசத்தாள். அந்நிய தேசத்தில் அந்நியர் வீட்டில் வேலை செய்தவள். 16-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். சாராய் பேசும்போதும் ஆபிராம் பேசும்போதும் அடிமைப்பெண் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தடவைகூட அவள் பேரைச் சொல்லவில்லை. முதன்முதலாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கர்த்தருடைய தூதனானவரே!

வளைகுடாவில் அவளுக்கு 'கத்தாமா' என்று பேர். ஊருக்கு வந்தால் 'ஓடி வந்தவள்' என்று பேர். சபையிலாவது அவளுக்கு அவள் பேர் இருக்கட்டும்.

2. தேவன் கேட்டுவிட்டுப் பேசினார்

எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தூதனானவர் கேட்டார். நாமோ, "ஏன் ஓடி வந்தே? கொஞ்சம் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கலாமே?" என்று கேட்கிறோம்.

பொறுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியுமா? அங்கே அவளுடைய விசா கபீல் என்கிற பொறுப்பாளரோடு கட்டப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டையும் பல வீடுகளில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அடி தாங்காமல் வெளியே வந்தால், ஓடிப்போய்விட்டாள் என்று அவள்மேலேயே புகார் கொடுக்கலாம். அடித்தவர் வீட்டில் இருப்பார். அடிபட்டவள் காவலில் இருப்பாள். குவைத் தேசம் 2015-ல் ஒரு சட்டம் போட்டு, வீட்டு வேலையாட்களுக்கு வார விடுமுறையும், நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற வரம்பும் கொடுத்தது. ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே போய்ப் பார்ப்பது யார்?

3. திரும்பிப் போகச் சொல்லலாமா?

தூதனானவரே அவளை நாச்சியாரிடத்திற்குத் திரும்பிப் போகச் சொன்னாரே என்று சிலர் 9-ஆம் வசனத்தைக் காட்டுகிறார்கள். ஜாக்கிரதையாக வாசிக்க வேண்டும். கர்ப்பவதியாய் வனாந்தரத்தில் தனியே நின்ற ஒருத்திக்கு, அவள் அங்கலாய்ப்பைக் கேட்ட தேவன் வாக்குத்தத்தத்தோடு சொன்ன வார்த்தை அது. அடிபட்ட எல்லா வேலைக்காரிகளுக்கும் கொடுத்த கட்டளை அல்ல. 21-ஆம் அதிகாரத்தில் அதே தேவன் அவளைத் திரும்ப அனுப்பவில்லையே!

நியாயப்பிரமாணமும் தெளிவாய்ச் சொல்லுகிறது. எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையை அவனிடத்தில் திரும்ப ஒப்புக்கொடுக்கக்கூடாது, அவன் தனக்குப் பிடித்த இடத்தில் உங்கள் நடுவே குடியிருக்கட்டும், அவனை ஒடுக்கக்கூடாது. ஆகவே, ஏஜெண்ட் வாசலில் வந்து நின்று, "இரண்டு வருஷம் முடிக்கணும், இல்லாட்டி பணத்தைக் கட்டு" என்று மிரட்டும்போது, அவளோடு கூட நிற்க வேண்டியது நாம்தான்.

4. தேவன் துரவைக் காட்டினார்

பெயெர்செபா வனாந்தரத்தில் துருத்தித் தண்ணீர் செலவழிந்து, பிள்ளை சாகக் கிடந்தபோது, தேவன் ஆகாரின் கண்களைத் திறந்தார். அவள் துரவைக் கண்டாள். துருத்தியை நிரப்பினது யார்? அவளேதான்! துரவைக் காட்டுவது நம் ஊழியம். அடுத்து என்ன செய்வது என்பது அவள் தீர்மானம்.

சபை செய்ய வேண்டியவை:

அ) ஒரு மூத்த சகோதரி மட்டும் தனியே கேட்கட்டும். கேட்டது ஜெபக்கூட்டத்துக்குப் போகக்கூடாது. பிள்ளையோடு வந்தவளிடம் தகப்பன் யார் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.

ஆ) சாட்சி சொல்ல மேடைக்கு இழுக்காதிருங்கள். அவள் ஆயத்தமானால் அவளே வருவாள்.

இ) ராத்திரி அலறுகிறாள், காலிங்பெல் சத்தத்துக்கு நடுங்குகிறாள் என்றால் உடனே பிசாசு என்று சொல்லாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். லூக்காவும் வைத்தியன்தானே!

ஈ) பாஸ்போர்ட் நகல், விசா, ஏஜெண்டுக்குப் பணம் கட்டின ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த உதவுங்கள். பதிவு பெறாத ஏஜெண்ட் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அவள் விரும்பினால், சென்னையிலுள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் போலீசிலும் புகார் கொடுக்கக் கூடப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

உ) இன்னும் அங்கே அகப்பட்டிருக்கிற சகோதரி இருந்தால், குடும்பத்தார் இந்தியத் தூதரகத்துக்கு எழுதட்டும். 2009-ல் ஏற்படுத்தின இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து தங்குமிடம், மருத்துவம், டிக்கெட் ஆகியவற்றுக்கு உதவ வழி உண்டு.

ஊ) வந்தவள் வீட்டில் கடன் அப்படியே நிற்கும். வட்டிக்காரன் வருவதற்கு முன்னே சபை அரிசியோடு போகட்டும்.

சிந்திக்க: நம் சபையில் வெளிநாட்டிலிருந்து பாதியில் திரும்பிய சகோதரி யார்? அவள் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாளா? நாம் பேசின எந்த வார்த்தையால்?

ஜெபம்: காண்கிற தேவனே, நீர் கண்டவளை நாங்களும் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.