தீவகத்திற் பாற்கட்டி: குளிர்சாதனப் பெட்டியை நிலவறையாக்கும் முறை

பால் விரைவிற் கெடும் இயல்பினது. எமது தீவகத்தின் வெம்மையிற் கறந்த பால், காய்ச்சப்படாவிடின், சில மணி நேரமே நிற்கும். வேலணை, ஊர்காவற்றுறை முதலிய இடங்களிற் கறக்கும் பால் தரை வழியாகவே யாழ்ப்பாண நகரைச் சேரலாம். நெடுந்தீவிற் கறக்கும் பாலோ கடல் கடந்து குறிகட்டுவான் துறையை அடைந்த பின்னரே தெருவைக் காணும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு இல்லை. படகு இல்லாத நாளிற் பாலுக்கு விலையும் இல்லை. எஞ்சிய பாலைத் தயிராக்குகின்றோம். தயிரைக் கடைந்து நெய்யாக்குகின்றோம். நெய் நெடுநாள் நிற்கும். ஆனாற் பாலின் புரதம் மோரோடு பிரிந்துவிடுகின்றது. கொழுப்பையும் புரதத்தையும் ஒருங்கே மாதக்கணக்கிற் காத்து வைப்பதற்கு வீட்டளவிற் செய்யத்தக்க வழி பாற்கட்டி செய்தலாகும். அதனை எமது தீவுகளில் முதிர்விப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வாம்.

நிலவறை இல்லாமை

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் பாற்கட்டி ஒன்று ஒல்லாந்தில் உண்டு. அது சீரகம் இட்டுச் செய்யப்படுவது. சீரகம் எமது அடுக்களையிலும் உண்டு. பால் எமது பட்டியிலும் உண்டு. எம்மிடம் இல்லாதது குளிர்ந்த நிலவறையே.

இதற்குக் காரணம் எளிது. நிலத்தைப் பல முழம் ஆழமாகத் தோண்டினால், அங்குள்ள வெப்பநிலை அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒத்திருக்கும். ஒல்லாந்தில் அது ஏறத்தாழ 10 பாகை செல்சியசு. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 28 பாகை. ஆதலின் எமது சுண்ணக்கல் நிலத்தை எவ்வளவு தோண்டினும் குளிர்ச்சி கிடையாது; உவர்நீரே கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியையே நிலவறையாக மாற்றிக்கொள்ள வேண்டியவர்களாயுள்ளோம்.

முதிர்தல் என்பது யாது?

பாற்கட்டி முதிர்தல் அழுகுதலன்று. நன்மை செய்யும் பற்றீரியாக்களும் நொதியங்களும் கேசின் என்னும் புரதத்தையும் கொழுப்பையும் சிறுகச் சிறுகச் சிதைத்து, மணமும் மென்மையும் தருகின்றன. வெப்பம் மிகின் கொழுப்பு கசியும். தீய நுண்ணுயிர்கள் பெருகும். குளிர் மிகின் இவ்வேலை நின்றுபோனதற்கு ஒப்பாகும். பெரும்பாலான கடினப் பாற்கட்டிகளுக்கு 10 முதல் 13 பாகை வரையுள்ள வெப்பநிலையும், 80 முதல் 90 வீதம் வரையுள்ள சாரீரப்பதனும் உகந்தவை.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ 4 பாகை அளவில் இயங்குவது. அதனுள் மிகக் குளிர்ந்த பகுதி குளிராக்கும் தட்டு. காற்றிலுள்ள ஈரம் அதிற் சென்று உறைபனியாகப் படிந்துவிடும். எனவே பெட்டியினுள் வறட்சி மிகும். யாம் முதன்முறை செய்த கட்டியை இத்தகைய பெட்டியின் நடுத்தட்டில் வைத்தோம். மூன்று வாரத்தில் அதன் மேற்புறம் வெடித்துக் கொம்பு போல இறுகிற்று; உள்ளே சுவை பிறக்கவில்லை. பத்து லீற்றர் பால் வீணாயிற்று. குற்றம் பாலிலன்று, பெட்டியை அதன் போக்கில் விட்டதிலேயாம்.

பெட்டியை அமைத்தல்

விசிறி கொண்டு உறைபனி நீக்கும் புதுமுறைப் பெட்டி காற்றை மேலும் உலர்த்தும். ஆதலின் ஒற்றைக் கதவுள்ள பழைய முறைப் பெட்டியே சிறந்தது. அதனை வெயில் படாத இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு பின்புறக் குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்யுமாகையால், கடலை நோக்கிய விறாந்தை ஆகாது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டு ஆளி ஒன்றைத் தனியே வாங்கி, பெட்டியின் மின்செருகியை அதனோடு இணைக்க. பெட்டியின் சொந்தத் திருகியை மிகுகுளிர் நிலையில் விட்டு, வெளி ஆளியை 12 பாகையில் வைக்க. அதன் உணர்முனையை நீர் நிரம்பிய சிறு போத்தலில் இட்டுப் பெட்டியின் நடுவில் நிறுத்துக. கதவு திறக்குந்தோறும் கொம்பிறசர் ஓடுவது இதனாற் குறையும். நின்ற கொம்பிறசர் மீண்டும் தொடங்குமுன் சில நிமிட இடைவெளி விடும் அமைப்பும் ஆளியில் இருத்தல் நன்று.

மின்தடைக்கும் வழி உண்டு. கீழ்த்தட்டில் 10 லீற்றர் நீரைப் போத்தல்களில் அடைத்து வைக்க. அந்நீர் 5 பாகை சூடேறுவதற்கு 50 கிலோகலோரி வெப்பத்தை உள்வாங்கும். அதுவரை கட்டி காக்கப்படும்.

ஈரப்பதனைப் பெட்டி முழுவதிலும் பேணுதல் அரிது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகளிற் பேணுதல் எளிது. கட்டி அதன் கொள்ளளவில் அரைப்பங்கிற்கு மேற்படாதிருக்க வேண்டும். அடியிற் சிறு பாய் இட்டு அதன்மேற் கட்டியை வைத்து, மூடியைச் சிறிது தளர்த்தி விடுக. மூடியில் நீர் துளித்தால் ஈரம் மிகை. துடைத்து மேலும் தளர்த்துக. கட்டியின் மேற்புறம் வெடித்தால் ஈரம் குறை, மூடியை இறுக்குக.

ஈரமானி பொய்யுரைப்பதும் உண்டு. அதனைச் சோதிக்க ஒரு முறை கூறுவாம். தூய கறியுப்பை நீர் தெளித்துச் சேறு போலாக்கி, ஈரமானியுடன் இறுக மூடிய பாத்திரமொன்றில் ஓரிரவு வைக்க. காலையில் அது 75 வீதம் காட்டவேண்டும். காட்டாவிடின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

பாலும் உறையும்

பாலை 63 பாகையில் 30 நிமிடம் வைத்துப் பாச்சர்முறைப்படி சுத்தி செய்தல் இன்றியமையாதது. புரூசெல்லா முதலிய நோய்க் கிருமிகள் பச்சைப் பாலில் இருத்தல் கூடும். கொதிக்கவிடின் கட்டி நன்கு உறையாது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சைவர் விரும்பார். இக்காலத்திற் பங்கசிலிருந்து பெறும் உறைபொருளும் கிடைக்கின்றது. வாங்கும்போது அதனையே கேட்டுப் பெறுக. அழுத்தி எடுத்த ஒரு கிலோ கட்டிக்கு 20 கிராம் உப்புத் தடவி, மேற்புறம் உலர்ந்தபின் பெட்டியில் இடுக.

நாள்தோறும் கட்டியைப் புரட்டுதல் வேண்டும். மேலே பூஞ்சணம் படர்ந்தால் உப்புநீரில் நனைத்த துணியால் துடைக்க. தொடக்க நாள்களிலேயே கட்டி பஞ்சு போல உப்பித் துர்நாற்றம் வீசின், இரக்கமின்றி எறிந்துவிடுக. இப்பெட்டியில் மீனும் கருவாடும் வெங்காயமும் வைத்தல் ஆகாது; கட்டி மணத்தை விரைந்து பற்றும். 12 பாகை மீனுக்குப் போதிய குளிருமன்று. இவ்வாறு இரண்டு மூன்று மாதம் பேணினாற் கட்டி முதிரும்.

பயன்

பத்து லீற்றர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ பாற்கட்டியாகும். பத்து லீற்றர் பாலைச் சுமப்பவர் படகை நோக்கி ஓடவேண்டும். ஒரு கிலோ கட்டியைச் சுமப்பவர் அடுத்த கிழமைப் படகிற்கும் காத்திருக்கலாம். மின்செலவும் பெரிதன்று. வெளியே 30 பாகை எனின், 4 பாகைப் பெட்டி 26 பாகை வேறுபாட்டோடு போராடுகின்றது. எமது பெட்டி 18 பாகையோடே போராடுகின்றது. மின்னுக்கு டீசலை நம்பிவந்த தீவுகளுக்கு இது சிறு நன்மையன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரியனும் காற்றும் கலந்த மின்னமைப்புகளை நிறுவ 2022ஆம் ஆண்டில் இந்தியாவுடன் உடன்பாடு செய்யப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பாற்கட்டியின் சுவையறிந்து, விடுமுறைக்குத் தீவகம் வருகின்றனர். அவர்களுள் ஒருவர், தம் உறவினர் வீட்டிற்கு அலங்காரப் பொருளொன்று கொணர்வதற்குப் பதிலாக, ஒரு வெப்பநிலை ஆளியும் சிறிது உறைபொருளும் கொணர்வாராயின், படகு வராத நாளிலும் அவ்வீட்டுப் பால் வீணாகாது. சீரகம் இட்ட முதற் கட்டிக்கு லெய்டன் என்ற பெயர் வேண்டுவதில்லை. வேலணை என்றே பெயரிடுவோமாக.