வர்ணம் முடித்த தம்பிக்கு

தம்பி, மோகன வர்ணத்தை இரண்டு காலத்திலும் வாசித்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். மனம் நிறைந்தது. இனித் தனியாக உட்கார்ந்து வாசிக்க எந்த உருப்படிகளை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். இதுவரை வாத்தியார் கொடுத்ததை வாசித்தாய். இனி நீயே எடுப்பதை வைத்துத்தான் கோல சிலாங்கூர் வட்டாரம் உன்னை எடைபோடும். என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன், கேள்.

1. முதலில் பாடு. வாய்விட்டுப் பாட முடியாத கீர்த்தனையை நாயனத்தில் எடுக்காதே. கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜனைப் பார். 1931இல் பிறந்தவர். ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும் இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதஸ்வரமும் பயின்றவர். சாவி பொருத்திய மேல்நாட்டுக் கருவியில் கமகத்தைக் கொண்டுவந்து, 2008இல் சங்கீத கலாநிதி ஆனார். பாடிப் பழகியவன் ஊதும்போது, மூச்சை எங்கே விட வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிக்கொடுக்கும். சாகித்தியத்தின் பொருளையும் யாரிடமாவது கேட்டுக்கொள். எந்தச் சொல்லை நடுவில் அறுக்கக் கூடாது என்று தெரியாதவன் விரல் எவ்வளவு ஓடினாலும் பாட்டு நொண்டும்.

2. அகலக் கால் வைக்காதே. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுவிட்டு, நாளைக்கே தோடி வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். தினமும் கேள், வாசிக்க அவசரப்படாதே. இப்போதைக்கு ஐந்து சுர ராகங்கள் உனக்கு நல்லவை. தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' அம்சத்வனியில் இருக்கிறது. சிறுவயதிலிருந்தே உன் காதில் ஊறிய பாட்டு, அதனால் தப்பு வந்தால் உனக்கே தெரிந்துவிடும். சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால், முந்தியது சுத்தமாகாமல் அடுத்ததற்குப் போக முடியாது. பிறகு ஆபோகியில் கோபாலகிருஷ்ண பாரதியின் 'சபாபதிக்கு'. ரூபக தாளம், நிதானமான நடை. அந்தக் காந்தாரத்தை அசைக்க விரல் மட்டும் போதாது. துளையைப் பாதி திறந்து, மூச்சின் அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த ஒரு சுரத்தோடு ஒரு மாதம் இருந்தாலும் வீண் இல்லை. பொறுமை உனக்கு உண்டா என்பதை ஆபோகி காட்டிக்கொடுத்துவிடும்.

3. கீழே நின்று பழகு. முன்பெல்லாம் நீளம் குறைந்த, சுருதி கூடிய திமிரி நாயனம்தான் புழக்கத்தில் இருந்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனம் வந்த பிறகு, தாழ்ந்த சுருதியில் ராகத்தை நின்று பாடும் வழி விரிந்தது. உன் கையில் இருப்பது பாரி. அதை வைத்துக்கொண்டு எந்நேரமும் மேல் ஷட்ஜத்தில் வீறிடுவது அந்த ஆசாரியின் உழைப்புக்குச் செய்கிற மரியாதை ஆகாது. தோட்டத்துக் கோயிலில் ஒரு பெரியவர் வாசிப்பார். விடியலில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன், பூபாளத்தைக் கீழ்ப் பாதியிலேயே வைத்து வாசிப்பார். லயத்துப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். கைதட்டு என்று ஒன்று அவருக்கு விழுந்து நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் வராத வருடம் திருவிழாவே சப்பென்றுதான் இருந்தது.

4. சாமிக்கு உரியதைச் சாமிக்கு வாசி. புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. பள்ளியறைக்கு நீலாம்பரி. இவை இரண்டும் உன்னிடம் தயாராக இருக்க வேண்டும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, காலமும் கம்பீரமும்தான். அதைத் தவில்காரரோடு சேர்ந்தே பாடம் பண்ணு. அவருக்குப் பிடிபடாத கணக்கை மேடையில் அவிழ்த்து அவரைத் திணற வைப்பவனோடு அடுத்த கல்யாணத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

5. சினிமாப் பாட்டைக் கேட்டால் முகம் சுளிக்காதே. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காகக் காருக்குறிச்சி அருணாசலம் நாயனம் வாசித்தார், எஸ். ஜானகி பாடினார். ஆபேரியில் அமைந்த அந்தச் 'சிங்கார வேலனே' இன்றைக்கும் நம் கல்யாண மண்டபங்களில் கேட்கப்படுகிறது. பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கல்யாணத்தில், ஆயுசு முழுக்கப் பால் வெட்டிய ஒரு தாத்தா அதைக் கேட்டார். வாசித்துக்கொண்டிருந்த பையன், "அதெல்லாம் வாசிக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டான். அவர் பேசாமல் போய் உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ வாசி. ஆனால் 'நகுமோமு' போன்ற ஒரு கீர்த்தனையில் ஆபேரியை முறையாகப் பாடம் செய்துவிட்டு வாசி. அந்தத் தாத்தாவுக்கு நல்ல ஆபேரி கிடைக்க வேண்டாமா?

6. திருப்புகழை விடாதே. நம் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பின்னாளில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். ராகத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் அருணகிரியாரின் சந்தம் தெரியும். பாட்டி ஒரு பக்கம் முணுமுணுப்பாள், தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பேத்தி இன்னொரு பக்கம் தாளம் போடுவாள். இருவரையும் ஒரே நேரத்தில் பாட வைக்கிற உருப்படி உன்னிடம் ஒன்றாவது இருக்கட்டும்.

7. சீவாளியைக் குறை சொல்லாதே. நம் ஊர் ஈரத்தில் அது சுணங்கத்தான் செய்யும். நாலைந்தைப் பழக்கி வைத்துக்கொள்.

8. இந்த வருடத்துக்கு வாதாபி, சபாபதிக்கு, ஒரு திருப்புகழ், மல்லாரி, நீலாம்பரி. இவ்வளவு போதும். ஆபேரி அடுத்த தைக்கு. உன்னோடு படிப்பவன் இருபது கீர்த்தனை சொல்வான், சந்தோஷமாகக் கேட்டுக்கொள். ஆடித் திருவிழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தானுக்கு வா. தவில்காரத் தம்பியையும் கூட்டி வா. முதலில் ஆபோகியைப் பாடிக் காட்டு, நாயனத்தைப் பிறகு எடுக்கலாம்.