‘போதுமா, போதாதா?’ கணக்கு



1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வன்னியில் போய்க் குடியேறியதை அறிவீர்கள். எங்கள் உறவினரும் அப்படிக் கிளிநொச்சிக்குப் போனவர்களே. சென்ற விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பிள்ளை போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கொப்பியை நீட்டி, “மாமா, இது போதுமா போதாதா, சொல்லுங்க” என்றாள்.

கேள்வி: க, ச-வை விடப் பெரிதா?
கூற்று 1: க-வின் வர்க்கம், ச-வின் வர்க்கத்தை விடப் பெரிது.
கூற்று 2: க ஒரு நேர் எண்.

இந்த வகைக் கணக்கில் க எத்தனை என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. தந்த கூற்றை வைத்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ உறுதியாகச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. உறுதியான ‘இல்லை’ வந்தாலும் கூற்று போதுமானதே. முகாமைத்துவ உயர்கல்விக்கான ஜீமாட் பரீட்சையிலும் இந்த வகைக் கேள்வி உண்டு.

நாம் க = 3, ச = 2 என்று போட்டோம். 9, 4 ஐ விடப் பெரிது. 3 உம் 2 ஐ விடப் பெரிது. 5, 4 போட்டோம், அதுவும் சரி. “கூற்று 1 மட்டுமே போதும்” என்று சொல்லிவிட்டோம். பிள்ளை சிரித்தாள். “மறை எண்ணைப் போட்டுப் பாக்கலியே மாமா!” க = −3 என்றாலும் வர்க்கம் அதே 9 தான். ஆனால் −3, 2 ஐ விடச் சிறிது. ஒரு தடவை ஆம், ஒரு தடவை இல்லை. ஆகவே கூற்று 1 போதாது. மாதிரிப் பரீட்சையில் தானும் இந்த இடத்தில்தான் புள்ளியை விட்டதாகச் சொன்னாள்.

கூற்று 2 மட்டும் இருந்தால்? 3, 2 போட்டால் ஆம். 3, 5 போட்டால் இல்லை. அதுவும் போதாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். க நேர் எண். அதன் வர்க்கமும் பெரிது. அப்படியென்றால் எண் கோட்டில் ச, −க-வுக்கும் க-வுக்கும் நடுவில்தான் நிற்க முடியும். க எப்போதும் பெரிது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போதாது என்று காட்ட ஒரு ‘ஆம்’, ஒரு ‘இல்லை’ கிடைத்தால் சரி. போதும் என்று சொல்வதற்குப் பத்து எண் போட்டும் பயனில்லை, காரணம் வேண்டும்.

மறை எண் குழப்பினால் கடைக் கணக்கை நினையுங்கள். 500 ரூபா கடனை விட 300 ரூபா கடன் மேல் அல்லவா? அதனால் −300, −500 ஐ விடப் பெரிது. பின்னமும் இப்படித்தான் ஏமாற்றும். 2-இன் வர்க்கம் 4, கூடுகிறது. அரையின் வர்க்கம் கால், குறைகிறது. அரை ஏக்கரில் பாதி கால் ஏக்கர்தானே! 1 போட்டால் கூடவுமில்லை, குறையவுமில்லை. 0 வையும் விடக்கூடாது.

வீட்டில் கணக்குத் தெரியாத பெற்றோரும், “வேற எண் போட்டுப் பாத்தியா?” என்று பிள்ளையைக் கேட்கலாம். இதைக் கொடுத்துப் பாருங்கள்: க, 0 ஐ விடப் பெரிதா? கூற்று 1: க-வையும் ச-வையும் பெருக்கினால் 0 ஐ விடக் கூட வரும். கூற்று 2: இரண்டையும் கூட்டினாலும் 0 ஐ விடக் கூட வரும். முதலில் 2, 3 போடட்டும். பிறகு −2, −3. அதன் பின் −1, 4.