பட்டை எங்கே தொடங்குகிறது?

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. குளியலறைச் சுவரோரம் வந்த பாம்பைக் கட்டுவிரியன் என்று அடித்துவிட்டார்கள், விஷமில்லாதது என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா, யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்றும் வால் பக்கம் மங்கியும் இருந்தன என்று எழுதியிருக்கிறாயே, அதை வைத்துப் பார்த்தால் தாத்தா பக்கம்தான் நியாயம். அது வெள்ளிக்கோல் வரையன். பல்லி தேடி வந்திருக்கும்.

கட்டுவிரியனுக்குக் கழுத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் வெறுங்கறுப்பு. பிறகு மெல்லிய பட்டைகள் இரண்டிரண்டாகத் தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும். ஆனால் குட்டியில் இந்தக் கணக்கு தவறலாம். பட்டையே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. அதனால் சந்தேகம் வந்தால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்.

நம் பக்கத்தில் அதிகம் பேரைக் கொல்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசைப் புள்ளிகள். சீண்டினால் குக்கர் போலச் சீறும். விவரம் தெரியாதவர்கள் இதை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்துவிடுவார்கள். சுருட்டை சிறியது, உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஓசை எழுப்பும். நல்ல பாம்பு படமெடுத்தால் யாருக்கும் தெரியும். எடுக்காதபோது சாரை போலவே இருக்கும். கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையை மரத்திலிருந்து பார்க்கும் என்று கொம்பேறி மூக்கனைப் பற்றிச் சொல்வார்களே, அது விஷமே இல்லாத பாம்பு!

நான்கில் கட்டுவிரியனைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். இரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், இமை தொங்கும். கட்டிலில் படு, பாய்தான் என்றால் கொசுவலையை அதன் அடியில் நன்றாகச் செருகு. இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதே. விறகைச் சுவரோடு அடுக்காதே. சிந்திய நெல் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும்.

மீறிக் கடித்துவிட்டால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டாம். அறிகுறிகளைப் பார்த்தே மருத்துவர் மருந்து கொடுப்பார். இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பிடித்த பாம்பிலிருந்து விஷத்தை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷப்பாம்போடு தினமும் புழங்குகிறவர்களே அதை அடிப்பதில்லை, பார்த்தாயா?

பாம்பை அடையாளம் காணக் கற்பது பிடித்து விளையாட அல்ல. எட்ட நிற்பதற்கும், பயத்தில் வரையனை அடிக்காமல் இருப்பதற்கும். அடுத்த முறை கம்பைத் தேடாதே. விலகி நில்; வழி இருந்தால் அதுவே போய்விடும். வீட்டுக்குள் தங்கிவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல். நின்ற இடத்திலிருந்தே பார்த்து, பட்டை எங்கே தொடங்கியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா