நர்ஸ் அடக்கும் ஐந்து வேகங்கள்

கும்மிடிப்பூண்டி, புதுவாயல் பக்கம் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் ஆண்பிள்ளை பகலில் தூங்கினால், வீடே சத்தம் போடாமல் நடக்கும். அதே வீட்டு மருமகள் நர்ஸாக இருந்து, இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு, மின்சார ரயிலில் கவரைப்பேட்டையில் வந்து இறங்கினால்? நேராகச் சமையற்கட்டுக்குத்தான் போக வேண்டும். மாமியார்மார்களே, அவருக்கும் இரண்டு இட்லி எடுத்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். அவற்றில் சிறுநீர், தாகம், பசி, தூக்கம், கண்ணீர் ஐந்தையும் ஒரே டியூட்டியில் அடக்குகிறவர் நர்ஸ்தான்.

பாத்ரூம் போக நேரமிருக்காது என்று பலர் தண்ணீரே குடிப்பதில்லை. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை குட்டையானது. கிருமி சுலபமாக ஏறும், தேங்கிய நீரில் பெருகும். அப்புறம் கடுப்பு, அடிவயிற்று வலி. டியூட்டிக்குப் போகும்போதே சீரகத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். மூன்று மணிக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். கடுப்போடு குளிர்காய்ச்சலும் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். (ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவரே நீங்கள்தானே!)

பசிக்கு டீயும் பிஸ்கட்டும் பதில் ஆகாது. ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், இரண்டு வாழைப்பழம் போதும்.

பகல் தூக்கம் ஆகாது என்பது சித்த மருத்துவ விதி. இரவு கண் விழித்தவருக்கு அந்த விதி பொருந்தாது என்பது என் கட்சி. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று மட்டும் பகலில் படுக்கக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமைதான் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஓய்வு நாளில் எண்ணெய் வையுங்கள். நின்று நின்று காலில் நரம்பு புடைத்திருந்தால், படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை.

கண்ணீருக்கு என்னிடம் சூரணம் இல்லை. 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு வேலைக்குச் சேர்ந்த நர்ஸுகள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுப்பதா, சந்தோஷமாக இருப்பதா? அதோடு, ஒரு கட்டிலில் குழந்தை இறந்திருக்கும். அடுத்த கட்டிலுக்குச் சிரித்த முகமாகப் போயாக வேண்டும். கூட வேலை பார்க்கிறவரிடமாவது சொல்லி அழுதுவிடுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.